ரெவி உறுமினால் கலைமான் வரும்

1

இந்தக் கதையை நானாக எழுதத் தொடங்கவில்லை. பக்கத்து வீட்டு மாரமா கேட்டாள். அவள் புருஷன் இஹாயாவும் தம்பி ரெவியும் சனிக்கிழமை ருவாஹினே மலைக்கு வேட்டைக்குப் போகிறார்கள். எங்கள் நியூசிலாந்தில் ஏப்ரல் என்றால் கலைமான்கள் துணை தேடி உறுமும் காலம். வேட்டைக்காரர்களும் அதேபோல் உறுமி அவற்றை வரவழைப்பார்கள்.

"நீ கதை எழுதுறவதானே. என் தம்பியக் கதையில கொன்னுடு. போறதுக்கு முன்னாடி படிக்கட்டும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்னடி பேசுற?"

"மத்த வேட்டைக்காரங்க மான்னு நெனச்சு சுட்டுடாம இருக்கப் போடுற ஆரஞ்சு சட்டையப் போடமாட்டேங்கிறான். மான் மெரண்டுடுமாம். மானுக்கு அந்த நெறம் தெரியாதுடான்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே."

2

முதல் தொடக்கம்: 'பனி விலகாத பள்ளத்தாக்கில் மரணம் காத்திருந்…' [சீ. சினிமா போஸ்டர்.]

இரண்டாவது: 'ரெவி அக்கா வீட்டு வேக்யூம் கிளீனர் குழாயை வெட்டிக்கொண்டு போனான்.' [நிஜமாகவே வெட்டினான். இருக்கட்டும்.]

அந்தக் குழாயில் அவன் உறுமினால் கலைமான் பதில் சொல்லும். ஊர் மதுக்கடையில் நடக்கும் உறுமல் போட்டியில் அவனை யாரும் ஜெயித்ததில்லை. [வினையே இதுதான், வாசகரே. மோசமாக உறுமுகிறவனை மான் என்று நினைத்து யார் சுடுவார்கள்?]

3

கதையில் இருவரும் ஒரு முகட்டில் பிரிகிறார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு: கூட வந்தவன் கண்ணுக்குத் தெரியவில்லையா, வேட்டையை நிறுத்து, அவன் இருக்குமிடம் தெரியும்வரை துப்பாக்கியைத் தொடாதே. ரெவி, ஓடைக்கு அந்தப் பக்கமே இருப்பேன் என்று சொல்லியிருக்கிறான். அதை நம்பி இஹாயா வேட்டையைத் தொடர்கிறான். ரெவியோ, ஒரு குளம்புத் தடத்தைப் பார்த்ததும் ஓடையைத் தாண்டிவிடுகிறான்.

இஹாயா உறுமுகிறான். பதில் வருகிறது. மறுபடி உறுமுகிறான். பதில் இன்னும் கிட்டத்தில். பெரணிச் செடிகளுக்குள் பழுப்பாக ஏதோ அசைகிறது. இஹாயா துப்பாக்கியைத் தோளில் ஏற்றி

[நிறுத்திவிட்டேன். இஹாயா தங்கமான மனுஷன். தம்பி போனால் புருஷனும் போன மாதிரிதான் என்பதை மாரமா யோசிக்கவில்லை.]

மாற்று முடிவு: செடி விலகுகிறது, நிஜமான மான். [இதைப் படித்தால் ரெவி நிம்மதியாகத் தூங்கிவிடுவான். வேண்டாம்.]

4

பாதிக் கதையை ரெவியிடம் கொடுத்தேன். என் சமையலறையில் நின்றபடியே படித்தான்.

"ஏன்க்கா, சாகடிக்க வேற ஆளே கெடைக்கலையா?"

"உன்ன மாதிரி உறுமுறவன் வேற யாருடா இருக்கான்?"

சிரித்தான். பிறகு தாளைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் ஒன்றுமில்லை.

"மச்சான் சுட்டாரா, இல்லையா?"

"தெரியலடா."

"எழுதுறது நீ. உனக்கே தெரியாதா?"

"பெரணிக்குப் பின்னாடி யாருன்னு அவருக்கும்தான் தெரியல."

தாளை மடித்து எடுத்துக்கொண்டான். வீட்டுக்குப் போய்விட்டான்.

5

இன்று சனிக்கிழமை. விடியுமுன்பே வண்டி கிளம்பிவிட்டது. அவன் என்ன சட்டை போட்டிருந்தான் என்று இருட்டில் தெரியவில்லை. மாரமா என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். கொடுத்த டீயைத் தொடவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

ஊரை ஒட்டிய மலையில் ஓர் உறுமல் கேட்கிறது. பதிலுக்கு இன்னொன்று, அதற்கு வெகு அருகில்.

"இதுல எதுடி அவன்?" என்கிறாள் மாரமா.

தெரியவில்லை. அடுத்த வரியை நான் எழுதப்போவதில்லை; அது உங்கள் கையில். அங்கே நிற்பது யாரென்று முழுசாகத் தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால், தயவுசெய்து, விசையிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள்.