பேசச் சொன்னவர்கள்

கபுயல் பேட்டையில் தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாய் இருமும். முதலில் காற்றைக் கக்கும், அப்புறம் சேற்றைக் கக்கும், மனது வைத்தால் தண்ணீரும் விடும். அந்த இருமல் சத்தம் கேட்டதும் ருபியேலா தபோர்தா எழுந்துவிடுவாள். பானை, வாளி, பழைய பெயின்ட் டப்பா என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் குழாயடியில் வரிசையாக வைப்பாள். எல்லாம் நிறைந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும். ஏனென்றால் பொழுது விடிந்ததும் பிள்ளைகள் வந்துவிடும்.

மலைச்சரிவில் இருக்கும் அந்தப் பேட்டைப் பெண்கள் கீழே நகரத்துக்குத் துணி துவைக்கவும், தைக்கவும், மாடி வீடுகளில் சமைக்கவும் போகிறவர்கள். அவர்களுடைய பிள்ளைகளை நாள் முழுக்க வைத்துப் பார்த்துக்கொள்வது ருபியேலாவின் வேலை. வாசலில் ‘சமூகத் தாய்’ என்று அரசாங்கப் பலகை தொங்கியது. நலத்துறை மாவும் பால் பவுடரும் தந்தது. கையில் ஏதோ கொஞ்சம் சம்பளமும் தந்தது. புருஷன் எப்போதோ பஸ் ஏறிப் போனவன். அவனை நம்பி அடுப்பு எரிய வேண்டிய நிலை இல்லை. ஆனால் துறைக்கு ஒரு சட்டம் உண்டு. தண்ணீர் இல்லாத வீட்டில் பிள்ளைகள் இருக்கக் கூடாது. தண்ணீர் நின்றால் பலகை இறங்கும், பலகை இறங்கினால் அவள் சோறும் இறங்கும்.

மேலே இருந்த தொட்டியைக் கட்டியது பேட்டை ஜனங்கள்தான். ஊர் கூடிச் செய்யும் வேலைக்கு அங்கே கொன்வீத்தே என்று பெயர். யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. ஒருத்தர் சிமென்ட் மூட்டையைத் தோளில் ஏற்றி நடந்தால் போதும், அடுத்த வீட்டுக் கதவு திறக்கும், அதற்கடுத்ததும் திறக்கும். நடுவில் ஒரு பெரிய பானையில் கோழியும் மரவள்ளியும் வாழைக்காயும் வெந்துகொண்டிருக்கும். கடைசிவரை ஒருத்தர் தனியாகச் சுமந்தார் என்ற பேச்சே கபுயலில் கிடையாது.

தொட்டியின் வால்வு மட்டும் தோன் எவேலியோவின் கையில் இருந்தது. பேட்டைச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர்; ‘தோன்’ என்பது பெரிய மனுஷர் பேருக்கு முன்னால் அங்கே போடும் மரியாதை. எந்தச் சந்துக்கு எப்போது தண்ணீர் என்பது அவர் வைத்த சட்டம். இரண்டு வருஷமாகக் குழாய் அதிகம் இருமியது, குறைவாக ஊற்றியது. கீழே நெடுஞ்சாலையில் லாரி கழுவும் கொட்டகை ஒன்று முளைத்திருந்தது. அங்கே ராப்பகலாகத் தண்ணீர் பீய்ச்சியடித்தது. எந்தத் தண்ணீர், யார் விற்றது என்று பேட்டையில் எல்லோருக்கும் தெரியும். வாயைத் திறந்து சொன்னவர் ஒருவரும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் நகரத்துப் பத்திரிகை மலை ஏறி வந்தது. அதுவரை மண் சரிந்தாலோ பிணம் விழுந்தாலோதான் அது வரும். படம் பிடித்துக்கொண்டு, செருப்பில் சேறு காய்வதற்குள் இறங்கிவிடும். இப்போது அதன் ஆசிரியர் ஃபாபியோ அரோயாவே என்பவர் வெளிநாட்டில் ஏதோ பயிற்சி எடுத்துத் திரும்பியிருந்தார். எது செய்தி என்று அதிகாரிகள் சொல்லக் கூடாது, மக்கள்தான் சொல்ல வேண்டும் என்று கண்டுபிடித்திருந்தார். அந்தக் கண்டுபிடிப்பில் தப்பொன்றும் இல்லை. ‘மக்கள் மேசை’ என்று அதற்குப் பெயரும் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்து முற்றத்தில் பெரிய பானை ஏறியது. செலவு பத்திரிகையுடையது. பேட்டையின் வரைபடம் ஒன்றை விரித்து மாட்டினார்கள். குறை எங்கே இருக்கிறதோ அங்கே ஊசி குத்த வேண்டும், ஊசியில் தன் பேரை எழுதிய காகிதக் கொடி இருக்க வேண்டும்.

“பேரில்லாம பேசினா அது வதந்தி. பேரைச் சொல்லி எழுந்து நிக்கிறவங்கதான் குடிமக்கள்” என்றார் ஃபாபியோ. நகரத்தில் அவர் வீட்டுக்கு இரும்புக் கதவும் காவல்காரரும் உண்டு. பேர் சொல்வது அவருக்குச் சுலபம்.

ஜனங்கள் ஊசி குத்தினார்கள். எரியாத தெருவிளக்குக்கு ஒன்று, கடிக்கிற நாய்க்கு ஒன்று, நிற்காத பஸ்ஸுக்கு ஒன்று. தொட்டி இருந்த இடம் மட்டும் சுத்தமாக இருந்தது. தோன் எவேலியோ முன்வரிசையில் உட்கார்ந்து எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார்.

பானைக்குப் பக்கத்தில் நின்ற பெண்கள் குசுகுசுத்தார்கள். ருபியேலாவுக்கு அடுத்த வீடு நொஹெமி. கரண்டியும் கையுமாக அவள்தான் அதிகம் பொங்கினாள்.

“ஒருத்தராவது சொல்லணும்டி. இன்னிக்கு விட்டா இனிமே கெடையாது. ஒருத்தர் ஆரம்பிச்சா போதும், நாங்கல்லாம் பின்னாடியே வந்துட மாட்டோமா?”

நிருபர் அதெலாய்தா கிசேனோ சின்ன வயசுப் பெண். நல்ல மனசுக்காரிதான். அவள் ருபியேலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “சொல்லுங்கக்கா. எதுக்குப் பயப்படறீங்க? நாங்க இருக்கோம்ல.”

ருபியேலா அதை நம்பினாள். அதைவிட, கொன்வீத்தேயை நம்பினாள். முதல் மூட்டையை ஒருத்தர் தூக்கினால் மற்ற கதவுகள் தானாகத் திறக்கும் என்பது அவள் பிறந்ததிலிருந்து பார்த்தது. கொடியில் பேரெழுதி நேராக வரைபடத்துக்குப் போய்த் தொட்டியின் மேல் குத்தினாள். அப்புறம் திரும்பி நின்று, “எங்க பிள்ளைங்க குடிக்க வேண்டிய தண்ணியில லாரி குளிக்குது. என் வீட்டுல பாதி நாள் தண்ணி இல்ல” என்றாள்.

முற்றமே கைதட்டியது. நொஹெமி கரண்டியால் பானையைத் தட்டினாள். ருபியேலா அடுத்த ஆளுக்காக ஒதுங்கி இடம் விட்டு நின்றாள். யாரும் வரவில்லை. சிமென்ட் மூட்டையைத் தூக்கினால் தோள்தான் வலிக்கும், இது அப்படி இல்லை என்று மற்றவர்களுக்குத் தெரிந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லோரும் தட்டை ஏந்திக்கொண்டு சாப்பாட்டு வரிசைக்குப் போனார்கள்.

செய்தி முதல் பக்கத்தில் வந்தது. அவள் முகம், அவள் பேர், அவள் சந்து, அவள் சொன்ன வார்த்தை எல்லாம் ஒன்று விடாமல் இருந்தது. தோன் எவேலியோவின் பேரை மட்டும் பத்திரிகையின் வக்கீல் பார்த்து எடுத்துவிட்டார்.

தோன் எவேலியோ கத்துகிற மனிதர் இல்லை. பத்திரிகையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தார்.

“படம் நல்லா வந்திருக்கும்மா. பத்து வயசு கொறஞ்சு தெரியிற.”

ருபியேலா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் இருந்த பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

“ஒரு சேதி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். உங்க சந்து வால்வு கெட்டுப் போச்சு. நானே பாத்திருப்பேன். ஆனா இப்ப விஷயம் பேப்பர்ல வந்துடுச்சே! நகராட்சி இன்ஜினியர் வந்து பாக்காம நான் தொடக் கூடாதாம். சட்டம்னா சட்டம்தானே? எல்லாருக்கும் நீயே சொல்லிடும்மா.” குனிந்து பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்.

இன்ஜினியர் வரவில்லை. குழாய் இருமலைக்கூட நிறுத்திவிட்டது. சந்து முழுக்கப் பெண்கள் வாளியோடு கீழே ஓடைக்கு நடந்தார்கள். முதலில் எவேலியோவைத் திட்டினார்கள், அதுவும் மெதுவாக. படி ஏறி ஏறிக் கால் வீங்கிய பிறகு ருபியேலாவைத் திட்டினார்கள், சத்தமாக. கையில் அகப்படுகிறவளைத்தானே திட்ட முடியும்! அவள் வாசலில் யாரோ அழுக்குத் தண்ணீரைக் கொட்டினார்கள். “பேப்பர்க்காரி, இந்தா, இதுக்கும் ஒரு படம் எடுத்துக்கோ!” என்றது ஒரு குரல். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியின் பிள்ளைக்கு ருபியேலாதான் நடக்கச் சொல்லிக்கொடுத்தாள்.

நொஹெமி தன் மகளை அழைத்துப் போக வந்தாள்.

“நாளையிலேருந்து அனுப்பலடி. தப்பா எடுத்துக்காத.”

“ஏன்?”

“ஏன்னு கேக்கறியே! உன்னை யாரு போயி பேசச் சொன்னா?”

“நீதானடி சொன்ன. ஒருத்தராவது சொல்லணும்னு பானையாண்ட நின்னு சொன்னியே.”

“பொதுவா சொன்னேன். போயி சொல்லிடுவன்னு நான் கண்டேனா? பிள்ளைகுட்டிக்காரி நான். எனக்கு எதுக்கு இந்த வம்பு?” மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போனாள். அந்தக் குழந்தை ருபியேலாவைப் பார்த்துக் கையாட்டியது.

மீதியிருந்த பிள்ளைகளுக்காக ருபியேலா ஓடைத் தண்ணீரைச் சுமந்தாள், காய்ச்சினாள், ஆற்றினாள். அப்படியே ஓட்டிவிடலாம் என்றுதான் நினைத்தாள். நலத்துறைப் பெண் அதிகாரி ஒரு நாள் வந்தாள். பானைகளைப் பார்த்தாள். பையிலிருந்து பத்திரிகையை எடுத்து விரித்தாள்.

“இது நீங்கதானே?”

“ஆமாங்க.”

“‘என் வீட்டுல பாதி நாள் தண்ணி இல்ல.’ நீங்க சொன்னதுதானே இது?”

“சொன்னேங்க. தண்ணி வரணும்னுதாங்க சொன்னேன்.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. ஊரே படிச்சிருச்சு, எங்க டைரக்டரும் படிச்சிட்டார். தண்ணி இல்லாத வீட்டுல பிள்ளைங்களை விட்டு வெச்சா நாளைக்கு நான் பதில் சொல்லணும். நீங்க பேசாம இருந்திருந்தா நானும் கண்டுக்காம போயிருப்பேன்.”

பலகையை அவிழ்த்தார்கள். மறுவாரமே அது மேல் தெருவில் தோன் எவேலியோவின் மைத்துனி வீட்டு வாசலில் தொங்கியது. அங்கே தண்ணீருக்குப் பஞ்சமில்லை. நொஹெமியின் மகள் அங்கே போனாள். ருபியேலாவின் சந்துக்கும் அந்த வாரமே வால்வு சரியானது. பாவி, நேரம் பார்த்துத்தான் திறந்தான். சந்து ஜனங்கள் அவரைக் கூப்பிட்டு வெல்லத் தண்ணீர் கொடுத்து நன்றி சொன்னார்கள்.

ருபியேலா பஸ் பிடித்துப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனாள். கபுயல் வரைபடம் இருந்த சுவரில் இப்போது வேறொரு பேட்டையின் வரைபடம் மாட்டியிருந்தது. அதெலாய்தா எல்லாவற்றையும் கேட்டு அழுதாள். அழுதுகொண்டே அவளை ஆசிரியர் அறைக்குக் கூட்டிப் போனாள்.

ஃபாபியோ எழுந்து நின்று கைகொடுத்தார், நாற்காலி இழுத்துப் போட்டார், காப்பி வரவழைத்தார். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

“ரொம்ப வருத்தமா இருக்கும்மா. ஆனா எங்க வேலை முறையைப் புரிஞ்சிக்கணும். நாங்க பேச்சைத் தொடங்கி வெக்கிறவங்க, அவ்வளவுதான். ஒரு பேட்டைக்கு ஒரு மாசம். உங்களுக்காக நாங்க போராட ஆரம்பிச்சா அது பத்திரிகையே இல்ல, கட்சி ஆயிடும்.”

“அப்ப என் வேலைங்கய்யா?”

அவர் கொஞ்சம் யோசித்தார். முகம் மலர்ந்தது. “ஒண்ணு பண்ணலாம். ஞாயித்துக்கிழமை லா சாங்ஹா பேட்டையில மேசை போடறோம். அந்த ஜனங்க ரொம்பக் கூச்சப்படறாங்க. நீங்க வந்து ரெண்டு வார்த்தை பேசுங்க. உங்களை மாதிரி தைரியசாலியப் பார்த்தா அவங்களுக்கும் வாய் திறக்கும்.”

மனுஷனுக்கு ஈவிரக்கம் இல்லை என்று சொல்ல முடியாது. அது அவருக்கு உண்மையிலேயே உதவியாகத்தான் தோன்றியது. வருகிறேன் என்றாள் ருபியேலா.

லா சாங்ஹாவிலும் பானை ஏறியிருந்தது. வரைபடத்தின் முன்னால் ஒரு கர்ப்பிணிப் பெண் பேரெழுதிய ஊசியோடு தயங்கி நின்றாள். அவளுக்குப் பின்னால் நின்ற கூட்டம் “போ, போ, குத்து” என்று உற்சாகப்படுத்தியது. கூட்டத்தில் ஒருத்தர் கையிலும் ஊசி இல்லை. ஃபாபியோ ருபியேலாவை முன்னால் தள்ளி, “கபுயலோட குரல்!” என்று அறிமுகம் செய்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

கைதட்டல் ஓயும்வரை ருபியேலா காத்திருந்தாள்.

“எனக்கும் இப்படித்தான் தட்டினாங்க” என்றாள். “தட்டின கைதான் என் வாசல்ல அழுக்குத் தண்ணி கொட்டுச்சு. தங்கச்சி, நீ சொல்லப்போறது நெஜமாத்தான் இருக்கும். நான் சொன்னதும் நெஜம்தான். ஆனா குத்தறதுக்கு முன்னால ரெண்டு கேள்வி கேளு. பின்னாடி நிக்கறவங்களைப் பார்த்து, எத்தனை பேரு கூட வர்றீங்கன்னு கேளு. இந்த அய்யாவைப் பார்த்து, நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா என்னைக்கு வருவீங்கன்னு கேளு.”

அந்தப் பெண் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். ஜனங்கள் தரையைப் பார்த்தார்கள். அவள் ஃபாபியோவைப் பார்த்தாள்.

“என்னைக்கு வருவீங்கய்யா?”

“அடுத்த மாசம் நாங்க வேற பேட்டைக்கு...” என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். அந்தப் பெண் ஊசியை மேசையிலேயே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கூட்டம் பானைப் பக்கம் நகர்ந்தது. ஃபாபியோ புகைப்படக்காரரைக் கூப்பிட்டு, சாப்பிடுகிற ஜனங்களைப் படம் எடுக்கச் சொன்னார்.

பஸ் நிறுத்தத்துக்கு அதெலாய்தா ஓடி வந்தாள். அழுது அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது.

“என்னை மன்னிச்சிடுங்கக்கா.”

“உன் மன்னிப்பை வெச்சு ஒரு பானை ரொப்ப முடியுமாடி?” என்றாள் ருபியேலா. அவள் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. “நீ கெட்டவ இல்ல. ஜனங்ககிட்ட வந்து கேக்கறதும் நல்லதுதான், எங்களை இதுக்கு முன்னால யாரு கேட்டா? ஆனா ஒண்ணு தெரிஞ்சிக்கோ. ஒருத்தியப் பேசச் சொல்றவங்க, அவ பேசினதுக்கப்புறமும் அவ பக்கத்துல நிக்கணும். பேப்பர்க்காரங்களா இருந்தாலும் சரி, பக்கத்து வீட்டுக்காரங்களா இருந்தாலும் சரி. நிக்க முடியாதுன்னா, பேசச் சொல்லி வராதீங்க. எங்க வாயைத் தொறக்க வெச்சிட்டுப் போறதுக்குப் பேரு உதவி இல்லடி, காட்டிக்கொடுக்கறது.”

அதெலாய்தா கைப்பையை மார்போடு அணைத்தபடி நின்றாள். பஸ் வந்தது. ருபியேலா ஏறிக்கொண்டாள். மறுநாளிலிருந்து அவளுக்கு நகரத்தில் ஒரு மாடி வீட்டில் துணி துவைக்கும் வேலை.