மருதாம்பாள் தந்த ஐந்து நட்சத்திரம்

1

இந்தக் கதை கோத்தகிரி பேருந்தில் எனக்குக் கிடைத்தது. பக்கத்து இருக்கைப் பெண் வெகுநேரம் கைபேசியில் ஏதோ தட்டுவதும் அழிப்பதுமாக இருந்தாள். கடைசியில் என்னிடமே கேட்டுவிட்டாள்.

"ஏனுங்க, நீங்க பத்திரிகைல எழுதறவங்கதான? நம்மளப் பத்தி நாலு வார்த்தை நல்லதா சொல்லுங்கன்னு மத்தவங்ககிட்ட எப்படிங்க கேக்கறது?"

அவள் பெயர் வாசுகி. குன்னூர் பெட்ஃபோர்டில், வர்க்கி பிஸ்கட் கடைக்கு மேல்மாடியில் டியூஷன் சென்டர் நடத்துகிறாள். இணையத்தில் சென்டரைப் பாராட்டி விமர்சனம் போடும்படி பெற்றோரைக் கேட்க வேண்டும். அதற்கு ஒரு வாசகம் தேவைப்பட்டது. உற்சாகமாக ஆரம்பித்தேன்.

அன்புள்ள பெற்றோர்களே, தங்கள் மேலான கருத்துகளை —

(நகராட்சி அறிவிப்பு மாதிரி இருந்தது.)

உங்கள் பிள்ளையின் வெற்றியில் எங்களுக்கும் ஒரு சிறு பங்கு —

(இது பல்பொடி விளம்பரம்.)

மூன்றாவதை யோசிப்பதற்குள் அவள் இறங்கும் இடம் வந்துவிட்டது. நன்றி சொல்லி, என் எண்ணை வாங்கிக்கொண்டு போனாள். மீதிக் கதையைப் பிறகு போனில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டபோது, "எழுதுங்க, ஆனா யாருன்னு தெரியக்கூடாது" என்றாள். ஆகவே கல்லூரியை மாற்றியிருக்கிறேன். பாடத்தையும் மாற்றியிருக்கிறேன். பெயர்களைப் பற்றிக் கேட்காதீர்கள்.

2

குன்னூரில் பனி இறங்கிய ஒரு மாலையில் வாசுகி —

(வேண்டாம். குன்னூரில் பனி எல்லா மாலையிலும் இறங்குகிறது.)

வாசுகிக்குப் பாடம் நடத்தத் தெரியும், கேட்கத் தெரியாது. கடையில் மீதிச் சில்லறை கேட்கவே இரண்டு முறை தொண்டையைச் செருமுகிறவள். கீழே பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாக ஒரு கோச்சிங் சென்டர் வந்து, கண்ணாடிக் கதவும் ஊர் முழுக்க பேனருமாக நின்றபோதும் அவள் அசையவில்லை. அசைந்தவன் செல்போன் கடை வைத்திருக்கும் அவள் தம்பி வினோத்.

"அக்கா, அவங்களுக்கு எத்தன ரிவ்யூ இருக்குதுன்னு பாத்தியா? உனக்கு ஒண்ணே ஒண்ணு. அதுவும் 'படிக்கட்டு இருட்டா இருக்குது'ன்னு எவனோ போட்டிருக்கான்."

"படிக்கட்டு இருட்டாத்தானடா இருக்குது?"

"அதான் உன்ற பிரச்சினை. சந்தோசமாப் போனவங்க யாருமே வாயத் தொறக்கல. போய்க் கேளுக்கா."

ஒரு வாரம் அவளால் முடியவில்லை. அந்த வருடம் சேர்க்கை பாதியாகக் குறைந்ததும் முடிந்தது. முதலில் யாரைக் கேட்பது என்பதில் மட்டும் அவளுக்குக் குழப்பமே இருக்கவில்லை.

3

மருதாம்பாள் எஸ்டேட் டீ ஃபேக்டரியில் தூள் சலிக்கும் பகுதியில் வேலை பார்க்கிறாள். அவள் மகள் ரேகா பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறி, துணைத் தேர்விலும் தவறி, அதன்பிறகு வாசுகியிடம் வந்தவள். இப்போது கோயமுத்தூரில் ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். மார்க்கெட்டில் எப்போது பார்த்தாலும் மருதாம்பாள் கையெடுத்துக் கும்பிட, வாசுகி கூச்சத்தில் கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

கேட்டதுமே மருதாம்பாள் பூரித்துப்போனாள். "நானா? என்ற பேச்ச எல்லாரும் படிப்பாங்களா?"

அவளுக்குத் தட்டச்சு வராது. ரேகா எப்போதோ கற்றுக்கொடுத்திருந்தபடி மைக் படத்தை அழுத்திப் பேசினாள். பேசியது எழுத்தானது:

"என்ற பொண்ணு ரேகா பத்தாவதுல கணக்குல ரெண்டு தடவ பெயிலு எல்லாரும் கொழுந்து பறிக்க அனுப்புன்னு சொன்னாங்க பொண்ணு பேசாம சுவத்தப் பாத்து உக்காந்துக்கும் வாசுகி டீச்சர் மொத நாளு டீ குடுத்து உக்கார வெச்சாங்க பெயிலானதப் பத்தி ஒரு வார்த்த பேசல இன்னிக்கு வரைக்கும் பேசல இப்ப என்ற பொண்ணு காலேஜு"

ஐந்து நட்சத்திரம். பக்கத்தில் சிறிய வட்டத்துக்குள் ரேகாவின் படம், கல்லூரி அடையாள அட்டையோடு. அது மருதாம்பாளின் இணையக் கணக்குத்தான், ஆனால் தன் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

நான் உட்கார்ந்து யோசித்து எழுதியிருந்தாலும் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.

4

பலன் உடனே தெரிந்தது. கமலேஷ் என்று ஒருவர், மளிகைக் கடை வைத்திருப்பவர், தலையை நிமிர்த்தவே நிமிர்த்தாத மகளோடு இருட்டுப் படிக்கட்டில் ஏறி வந்தார்.

"பெயிலானதப் பத்திப் பேசவே மாட்டீங்கன்னு போட்டிருந்துதுங்க. அதான் வந்தோம்."

அவரைப் போல இன்னும் சிலர் வந்தார்கள். வினோத் அந்த விமர்சனத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் மாட்டலாம் என்றான். மருதாம்பாள் ஃபேக்டரியில் எல்லோரிடமும் காட்டினாள். மேற்பார்வையாளர்கூட நின்று படித்தாராம்.

அந்த வாரம்தான் ரேகா அழைத்தாள்.

"டீச்சர், அம்மாகிட்ட நீங்கதான் கேட்டீங்களா?"

வாசுகிக்குக் குரலிலேயே புரிந்துவிட்டது.

ஹாஸ்டலில் ரேகாவின் அறைத்தோழியும் குன்னூர்க்காரி. தன் தம்பிக்கு இணையத்தில் டியூஷன் தேடியபோது ரேகாவின் முகம் வந்திருக்கிறது. படித்திருக்கிறாள். மற்றவர்களிடமும் காட்டியிருக்கிறாள். கேலிக்காக அல்ல, பாவம் என்றுதான். ஆனால் ஒரு வருடம் ஏன் பின்தங்கினாய் என்று கேட்டவர்களிடம் எல்லாம் மஞ்சள் காமாலை என்று சொல்லி வைத்திருந்தவள் ரேகா.

"எல்லாரும் ரொம்ப அன்பா பேசறாங்க டீச்சர். அதைத்தான் தாங்க முடியல. தயவுசெஞ்சு எடுத்துடுங்க."

"என்னால எடுக்க முடியாதும்மா. போட்டவங்கதான் எடுக்கணும்."

"நான் சொன்னா அம்மா அழுவாங்க. நீங்க சொல்லுங்க."

5

(இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்துகிறேன்.)

ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டுமானால், அதற்கு முன் எவ்வளவு மோசமாக இருந்தது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. இருட்டைச் சொல்லாமல் விளக்கைப் புகழ முடியாது. நன்றி மருதாம்பாளுடையது, இருட்டு ரேகாவுடையது. இதையெல்லாம் எழுதி மொத்த ஊருக்கும் காட்டிக்கொண்டிருக்கும் நான் வேறென்ன செய்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். கல்லூரியை மாற்றிவிட்டேன் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

வாசுகி மீதும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. சொல்கிறேன் என்று ரேகாவிடம் ஒப்புக்கொண்ட பிறகும் அவள் சில நாட்கள் மருதாம்பாளிடம் போகவில்லை. சங்கடத்தால்தான் என்று முதலில் எழுதினேன். சேர்க்கை வந்துகொண்டிருந்ததால் என்று அடுத்து எழுதினேன். அவளிடமே கேட்டேன்.

"ரெண்டும்தானுங்க" என்றாள். பிறகு அவளே, "ரெண்டாவது கொஞ்சம் கூட" என்றாள்.

அதன் பிறகு அவளைப் பற்றி எழுதுவது சுலபமாக இருந்தது.

முடிவாக இரண்டு வைத்திருந்தேன். ஒன்றில் ரேகாவே ஹாஸ்டலில் எல்லோர் முன்பும் எழுந்து நின்று, ஆமாம், நான் பெயிலானவள்தான் என்று —

(இல்லை. அவளுக்கு அப்படி எந்தக் கடமையும் கிடையாது.)

இன்னொன்றில் மருதாம்பாள் யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டு —

(தாய் என்பதற்காக எல்லாம் தானாகப் புரிந்துவிடுமா என்ன.)

நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

6

ஞாயிற்றுக்கிழமை வாசுகி எஸ்டேட் தொழிலாளர் லயனில் இருக்கும் மருதாம்பாளின் வீட்டுக்குப் போனாள். மருதாம்பாள் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீ வைத்து, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு "இவிங்கதான் டீச்சர்" என்று காட்டி அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

(முதல் பிரதியில் இந்த இடத்தில் வாசுகிக்கு அழகான ஒரு வசனம் கொடுத்திருந்தேன். அவள் அப்படியெல்லாம் பேசவில்லை.)

"அக்கா, ரேகா காலேஜ்ல மஞ்சக்காமாலைன்னு சொல்லி வெச்சிருக்கா. அந்த ஒரு வருசத்துக்கு."

மருதாம்பாள் முதலில் சிரித்தாள். "மஞ்சக்காமாலையா! இவளுக்கு ஒரு சளிகூடப் புடிச்சதில்லீங்களே." பிறகு சிரிப்பு நின்றது. அடுப்பைப் பார்த்தாள்.

"நான் எழுதிப்போட்டதெல்லாம் பொய்யா டீச்சர்?"

"இல்லீங்க அக்கா. எல்லாம் நெசந்தான்."

"பின்ன?"

"அதப் படிச்சுட்டு ஹாஸ்டல்ல எல்லாரும் அவளப் பாவம்னு பாக்கறாங்களாம்" என்று சொல்லிவிட்டு வாசுகி டீயைக் குடித்தாள்.

"உங்ககிட்ட அவ சொல்லியிருக்க மாட்டா" என்றாள் மருதாம்பாள். "ரெண்டாந்தடவ அவ பரிச்சையே எழுதலீங்க. எனக்கு வயித்துல ஆப்பரேசன். அன்னிக்கு ஆஸ்பத்திரில என்ற கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்திருந்தா. போன்னு எத்தனையோ சொன்னேன். போகல. எழுதாததும் பெயிலுதான? அதையும் போட்டுடலாம்னுதான் நெனச்சேன். போன்ல எடம் பத்தாதோன்னு உட்டுட்டேன்."

வாசுகி டம்ளரைக் கீழே வைத்தாள். இத்தனை வருடத்தில் ரேகா இதைச் சொன்னதில்லை. பெயிலானதைப் பற்றித்தான் அவளும் கேட்டதே இல்லையே.

மருதாம்பாளின் முகம் சட்டென்று தெளிந்தது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தாள்.

"இப்ப அதையும் சேத்துப் போட்டுடட்டுங்களா டீச்சர்? அப்ப யாரும் பாவம்னு பாக்க மாட்டாங்கள்ல? பெருமைதான்னு நெனப்பாங்க?"

வாசுகி வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருந்தாள். வாய் வரவில்லை. போடுங்கள் என்று சொல்லவும் வரவில்லை. "அவளையே கேட்டுடுங்க அக்கா" என்று மட்டும் சொன்னாள்.

மருதாம்பாள் மகளை அழைத்தாள். மணி அடிக்கத் தொடங்கியதும் வாசுகி எழுந்து வெளியே போய்விட்டாள். அதனால்தான் எனக்கும் இதற்கு மேல் தெரியாது. விமர்சனம் மறுநாள் அங்கே இருந்ததா என்பது மட்டும் தெரியும். அதைச் சொன்னால் அம்மாவையோ மகளையோ ஜெயிக்க வைத்ததாகிவிடும். சொல்லப்போவதில்லை.

(இனி என் கற்பனை.) உள்ளே, போன் எடுக்கப்படுகிறது. ஹாஸ்டல் வராந்தாவின் இரைச்சலுக்கு நடுவே ரேகா, "சொல்லும்மா" என்கிறாள்.

மருதாம்பாளுக்கு எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. உங்கள் அம்மாவோ மகளோ இப்போது லைனில் இருப்பதாக வைத்துக்கொண்டு, முதல் வாக்கியத்தை நீங்கள் சொல்லுங்கள்.