தண்ட உதை

ஜெர்மனியின் டோர்ட்மண்டில் ஆரூரனை யாருக்காவது அறிமுகம் செய்யும்போது அவனுடைய மாமனார் கனகலிங்கம் முதலில் பெயரைச் சொல்லமாட்டார். "இவர் ஒஸ்ரேலியாவிலை சம்பளத்துக்கு உதைபந்து விளையாடினவர்" என்றுதான் தொடங்குவார். கேட்டவர் ஆரூரனை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவன் கையை இன்னொரு தரம் குலுக்குவார். இரண்டாவது குலுக்கல் எப்போதும் முதலாவதைவிட இறுக்கமாக இருக்கும்.

மாமனார் சொன்னதில் பொய் இல்லை. மெல்பேர்ணில் பிறந்து வளர்ந்த ஆரூரன் சம்பளத்துக்குத்தான் விளையாடினான். காலால் உதைக்கிற பந்துதான். ஆனால் அந்த நாட்டு உதைபந்து வேறு ரகம். பந்து முட்டை வடிவம், மைதானமும் முட்டை வடிவம். பந்தைக் கையால் பிடிக்கலாம், அணைத்துக்கொண்டு ஓடலாம், தேவைப்பட்டால் எதிராளியின் முதுகில் முழங்காலை ஊன்றி ஏறலாம். வலை கிடையாது, குறுக்குச் சட்டம் கிடையாது, வரிசையாக நாலு கம்பங்கள்தான். நடு இரண்டுக்கும் இடையில் பந்து எவ்வளவு உயரத்தில் போனாலும் கோல், ஆறு புள்ளி. குறி தவறி ஓரக் கம்பத்துப் பக்கம் போனால் அதற்கும் ஒரு புள்ளி உண்டு. தவறவிட்டவனையும் வெறுங்கையோடு அனுப்பாத விளையாட்டு. தனக்காகவே யாரோ யோசித்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று ஆரூரன் பலமுறை நினைத்ததுண்டு.

அவனுடைய ஆட்டவாழ்வை நீட்டிச் சொன்னால் கேட்பவருக்குக் கொட்டாவி வரும். பள்ளிக்கூடம் முடிந்த கையோடு ஒரு பெரிய கழகம் அவனை எடுத்தது. மெல்பேர்ண் தமிழர்கள் பொன்னாடை போர்த்தினார்கள். அதற்குப் பிறகு அவன் பெரும்பாலும் இரண்டாம் தர அணியில் ஓடினான். முதல் தர அணியில் யாருக்காவது கால் பிடித்துக்கொண்டால் கூப்பிட்டு அனுப்புவார்கள். இவன் போய் உடுப்பை மாற்றிக்கொண்டு மாற்று வீரர் வாங்கில் உட்காருவான். உடனே கால் பிடித்தவனுக்குப் பிடிப்பு விட்டுவிடும். தொலைக்காட்சியில் ஆரூரனின் முகம் தெளிவாகத் தெரிந்தது, கோல் போட்ட இன்னொருவனின் தலையைத் தடவ ஓடியபோதுதான்.

கடைசி ஆட்டத்தில் மட்டும் ஒரு வாய்ப்பு வந்தது. அவனுடைய அணி ஒரு புள்ளி பின்னால் நின்றது. முடிவுச் சங்கு ஊதுமுன் பறந்து வந்த பந்தை அவன் நிலத்தில் படாமல் பிடித்திருந்ததால், உதைக்கும் உரிமையும் அவனுக்கே. உதைத்தான். பந்து நடுக் கம்பத்தில் பட்டது. ஒரு புள்ளி, ஆட்டம் சமன். வெல்ல வைத்திருந்தால் தோளில் தூக்கியிருப்பார்கள், தோற்க வைத்திருந்தால் திட்டியிருப்பார்கள். சமன் செய்தவனை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பருவம் முடிந்ததும் கழகம் நன்றி சொல்லி அனுப்பிவைத்தது.

கனகலிங்கத்தின் மகள் அஜிதாவைக் கலியாணம் செய்து டோர்ட்மண்டுக்கு வந்தபின் காலையில் டொய்ச் மொழி வகுப்பு, பின்னேரம் பானக்கடையில் தண்ணீர்ப் பெட்டி அடுக்கும் வேலை. மெல்பேர்ணிலும் மற்ற வீரர்களுக்குத் தண்ணீர் சுமந்தவன்தான் என்பதால் வேலை பழகச் சிரமம் இருக்கவில்லை.

இந்த நிலையில்தான் மாமனார் பழைய படம் ஒன்றைப் பார்த்தார். கையில்லாத பனியனோடு, பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆரூரன் நிற்கிறான்.

"என்ன தம்பி, பந்து காத்துப் போய் நெளிஞ்சு கிடக்கு?" என்று கனகலிங்கம் கேட்டார்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் படத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்த விதம் ஆரூரனின் வாயை அடைத்துவிட்டது. இத்தனை வருட ஆட்டத்தில் அவனுக்கென்று ஓர் இரசிகர் வாய்த்தது அன்றைக்குத்தான்.

"ஓம் மாமா, பழைய பந்து."

"சட்டைக்குக் கையும் இல்லை."

"அங்கை சரியான வெயில் மாமா."

அன்றிரவு அஜிதா, "அப்பாவுக்கு நீங்கள் சொல்லுறியளோ, நான் சொல்லட்டோ?" என்றாள். நானே சொல்லுறன் என்றான் ஆரூரன். சொல்லவில்லை. மாமனார் தலைவராக இருந்த தமிழ் விளையாட்டுக் கழகம் பயிற்சிக்குக் கூப்பிட்டபோதெல்லாம் முழங்காலைத் தடவிக் காட்டினான். முழங்கால் வலி உண்மையானது. அவனிடமிருந்த நேர்மையான உறுப்பு அது ஒன்றுதான்.

கோடையில் தமிழ்க் கழகங்களின் சுற்றுப்போட்டி வந்தது. இறுதியாட்டத்தில் ஸ்டுட்கார்ட் கழகத்திடம் டோர்ட்மண்ட் ஒரு கோல் பின்னால் நின்றது. முடிய இன்னும் சொற்ப நேரமே இருந்தது. கனகலிங்கம் ஆரூரனின் முதுகில் கை வைத்தார்.

"முழங்கால் ஏலுமே தம்பி? கொஞ்ச நேரந்தான்."

அந்த முகத்தைப் பார்த்து ஏலாது என்று சொல்ல ஆரூரனுக்கு வாய் வரவில்லை. இறங்கினான். ஓடுவது மட்டும் அவனுக்கு நன்றாக வரும். ஆகவே பந்து எங்கேயோ இருக்க அவன் வேறெங்கேயோ மிக அழகாக ஓடினான். அப்படி ஓடிக் கோல் பக்கம் போனபோது பந்து தற்செயலாகக் காலில் பட்டது. அதே நேரம் ஸ்டுட்கார்ட் பையன் ஒருவன் குறுக்கே காலைப் போட, ஆரூரன் விழுந்தான். நடுவர் ஊதினார்.

"தண்ட உதை!" என்று ஒலிவாங்கியில் முழங்கினார் நேர்முக வர்ணனை செய்த நாகமுத்து. "இதோ, ஒஸ்ரேலியாவின் தொழில்முறை வீரர் பந்தை நோக்கி வருகின்றார்!"

பெனால்டியை யாழ்ப்பாணத்து வர்ணனையில் தண்ட உதை என்பார்கள். அந்தச் சொல்லுக்கு வீணான உதை என்றும் பொருள் எடுக்கலாமே என்று ஆரூரனுக்கு அப்போதுதான் உறைத்தது. வழமையாக அதை அடிக்கும் கவிஷன் பந்தை மரியாதையாக அவனிடம் நீட்டினான். கோட்டுக்கு வெளியே கனகலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடாமல் நின்றார். எல்லாம் போகட்டும், இந்த மனுசன் மட்டும் வெட்கப்படக்கூடாது என்று ஆரூரன் நினைத்தான்.

ஓடிவந்து உதைத்தான். காலில் பந்து பட்ட சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. வாழ்நாளில் அவன் உதைத்ததிலேயே மிகச் சிறந்த உதை அது. இரண்டு கம்பங்களுக்கும் நட்டநடுவில், வளையாமல் நெளியாமல், உயர்ந்து உயர்ந்து போனது. கம்பத்தில் படவில்லை. ஆரூரனின் நெஞ்சு விம்மியது. இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு மாமனாரை நோக்கி ஓடினான்.

பாதி தூரத்தில்தான், யாரும் கத்தவில்லை என்பது புரிந்தது. நாகமுத்துவின் ஒலிவாங்கி வெறுமனே இரைந்தது. பந்து குறுக்குச் சட்டத்துக்கு மேலால், வேலிக்கு மேலால், பின்னாலிருந்த தோட்டத்துத் தக்காளிச் செடிகளுக்குள் விழுந்திருந்தது. தோட்டக்கார ஜெர்மன் கிழவர் வேலிக்கு மேலே தலையை நீட்டி, யார் அடித்தது என்று கேட்டார். மைதானம் முழுக்க ஆரூரனைக் காட்டியது. அவன் கைகள் இன்னும் இறங்கவில்லை.

ஆட்டம் முடிந்து, ஸ்டுட்கார்ட் கிண்ணத்தைக் கொண்டுபோய், சனம் கலைந்தபின் கனகலிங்கம் வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அடி தவறும் தம்பி. அது பரவாயில்லை. என்னத்துக்குக் கையைத் தூக்கினீங்கள்?"

"கோல் எண்டு நினைச்சன் மாமா."

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். முட்டைப் பந்து, நாலு கம்பம், வாங்கு, தண்ணீர், கடைசி உதை, ஒரு புள்ளி, சமன். தலையைக் குனிந்தபடியே சொன்னான். சொல்லி முடித்ததும், இருந்த ஒரே இரசிகரும் போனார் என்று அவனுக்கு அழுகை முட்டியது.

கனகலிங்கம் விரலால் காற்றில் ஒரு முட்டை வடிவத்தை வரைந்து பார்த்தார்.

"அப்ப அந்தப் படத்திலை, பந்து காத்துப் போகேல்லை."

"இல்லை மாமா. அது அப்பிடித்தான்."

"வெயிலும் இல்லை."

"குளிர் மாமா. சரியான குளிர்."

"நான் இந்த டோர்ட்மண்ட் முழுக்கச் சொல்லித் திரிஞ்சிட்டன்" என்றார் அவர். குரலில் கோபம் இருந்தது. பிறகு, "அந்தப் பந்து இப்ப எங்கை?" என்று கேட்டார்.

"கார் டிக்கிக்குள்ளை கிடக்கு அப்பா" என்றாள் பின்னால் நின்ற அஜிதா. "இஞ்சை வந்த நாளிலையிருந்து அங்கைதான் ஒளிச்சு வைச்சிருக்கிறார்."

கனகலிங்கம் எழுந்தார். கோல் கம்பத்துக்கு ஒரு பக்கம் மடக்குக் கதிரையை நிறுத்தினார். மறுபக்கம் சோடாப் பெட்டியை இழுத்து வைத்தார். தள்ளி நின்று எண்ணிப் பார்த்தார். நாலு.

"இனி அடியுங்கோ" என்றார், கம்பங்களின் நடுவில் போய் நின்றுகொண்டு. "உங்கடை விளையாட்டு."

அஜிதா டிக்கியிலிருந்து எடுத்துவந்த முட்டைப் பந்தை ஆரூரன் கையில் வாங்கினான். விரல்கள் தாமாகவே தையலில் பொருந்தின. ஓடிவந்து, பந்தைக் கைவிட்டு, உதைத்தான். அது அழகாகச் சுழன்று போய், கம்பத்தை உரசி, சோடாப் பெட்டிக்கு உள்பக்கமாகக் கடந்தது.

ஆரூரன் முகத்தை இரு கைகளாலும் பொத்திக்கொண்டான். விரல் இடுக்கால் பார்த்தபோது, மாமனார் நிமிர்ந்து நின்று, நடுவரைப் போல, ஒரு விரலை உயர்த்திப் பிடித்திருந்தார்.

"ஒண்டு" என்றார் கனகலிங்கம்.