கடலடி மண்

2004-இல் உமாபதிக்கு ஷார்ஜா கடலோரத்தில் வேலை. கடலடி மணலைக் கப்பல் உறிஞ்சி, குழாய் வழியே தள்ளும். அது விழுகிற இடத்தில் தரை உண்டாகும். குழாய் இணைப்புகளின் போல்ட்டுகளைச் சரிபார்ப்பது அவன் பொறுப்பு. உக்ரைன்காரர் மிக்கோலா பம்ப் ஆபரேட்டர். ஜார்க்கண்டின் சந்தாலிப் பழங்குடியைச் சேர்ந்த லக்கான் முர்மு வெல்டர்.

ஒரு மதியச் சாப்பாட்டின்போது, தெரிந்த இந்தியில் மிக்கோலா தன் ஊர்க் கதையைச் சொன்னார். ஆதியில் வெறும் தண்ணீர். கடவுள் சொன்னபடி சாத்தான் முங்கி மண் எடுத்து வந்தான். கொஞ்சத்தை வாயில் ஒளித்துக்கொண்டான். கடவுள் மண்ணை வளரச் சொன்னதும் வாய்க்குள் இருந்ததும் வளர்ந்தது. வலி தாங்காமல் அவன் துப்பியதுதான் மலைகள்.

"எங்க கதையில மண்புழு," என்றான் லக்கான். "நண்டெல்லாம் தோத்த பிறகு அதுதான் மண்ணைக் கொண்டுவந்துச்சு."

"எங்களுக்குப் பன்றி," என்றான் உமாபதி. "பெருமாளே பன்றியா முங்கி பூமியைத் தூக்கிட்டு வந்தாரு."

"எந்த ஊர்னாலும் ஒருத்தன் முங்கித்தான் ஆகணும்போல," என்று மிக்கோலா சிரித்தார்.

மறுவாரம், வெயிலுக்குச் சோம்பி, கடைசி நான்கு இணைப்புகளைப் பார்க்காமலே உமாபதி தாளில் டிக் போட்டான். அதில் ஒன்று பிய்த்துக்கொண்டு லக்கானின் இடது காலை நசுக்கியது. அழுத்தத்தைக் கூட்டிவிட்டதாக மிக்கோலாமேல் பழி விழுந்தது. உமாபதியையும் விசாரித்தார்கள்.

"செக் பண்ணினேன் சார்."

மிக்கோலா அவனையே பார்த்தார். மூன்றாம் நாள் அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பார்வை உமாபதியை விடவில்லை. ஃபோர்மேன் சேதுபதியிடம் உண்மையைச் சொன்னான்.

"கலாஸ்டா, முடிஞ்சு போச்சு. அவன் ஊருக்குப் போயிட்டான். நீயும் வேலையைத் தொலைக்காத."

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய் லக்கானிடம் சொன்னான். லக்கான் கட்டுப்போட்ட காலைப் பார்த்தபடியே கேட்டான்.

"மிக்கோலா இங்க இருந்தப்பவே தப்பு உன்னோடதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என் கால் நசுங்கினது கவனக்குறைவு. அவர்மேல பழி விழுந்தப்ப நீ பொய் சொன்னது அப்படி இல்ல."

பிறகு தலையணைக்கடியிலிருந்து ஒரு தாளை நீட்டினான். புறப்படுமுன் மிக்கோலா வந்து எழுதிக்கொடுத்த எண். "அவர்கிட்ட சொல்லு."

வாசலில் இருந்த போன் பூத்திலிருந்தே அழைத்தான். நடந்ததை மிக்கோலாவிடம் சொன்னான்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்," என்றார். "கம்பெனிக்கு எழுதிக் குடு. இந்தப் பழியோட வேற கப்பல்ல என்னை எடுக்கமாட்டாங்க."

மறுநாள் உமாபதி எழுதிக் கையெழுத்துப் போட்டான். அந்த மாதமே அவனையும் அனுப்பினார்கள். விடைபெறப் போனபோது லக்கான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பேசவும் இல்லை.