தூணில் பூசிய பட்டி

சுவருக்குப் பட்டி பார்ப்பதில் பெயின்டரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்தத் திமிரும் அவனுக்குக் கொஞ்சம் உண்டு. தையல் கம்பெனியின் கீழ்த்தளத் தூணில் ஓடிய விரிசலை நேற்று தடமே தெரியாமல் பட்டி பூசி மூடியதற்கு முதலாளியே முதுகில் தட்டிக் கொடுத்தார். இன்று காலை வந்த இன்ஜினியர் மட்டும் தூணைப் பார்த்ததும் பேயறைந்த மாதிரி நின்றுவிட்டார்.

"இங்க பென்சில்ல கோடு போட்டுத் தேதி எழுதியிருந்தேனே, எங்கய்யா?"

"யாரோ கிறுக்கி வெச்சிருக்காங்கன்னு உப்புத்தாள் போட்டுத் தேச்சுட்டேன் சார்."

விரிசலின் நுனி எந்தத் தேதியில் எதுவரை வந்தது என்பதற்கான அடையாளம் அது. நின்றுவிட்டதா, இன்னும் நீள்கிறதா என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியுமாம். பாவி மனுஷன், யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா! பெயின்டர் சங்கடத்தோடு தூணைத் தடவினான். விரலில் ஏதோ நெருடியது. நேற்று வழவழவென்று இழைத்த பட்டியின் குறுக்கே மயிரிழையாக ஒரு பிளவு.

"பட்டி காஞ்சு வெடிச்சதா இருக்கும்ல?" இன்ஜினியர் கிட்டத்தட்டக் கெஞ்சினார்.

"நான் பாத்த பட்டி வெடிக்காது சார்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கே உறைத்தது. இன்ஜினியர் போனும் கையுமாக வாசலுக்கு ஓடினார். "சாயங்காலம் வரைக்கும் தாங்குமான்னு என்கிட்ட கேக்காதீங்க சார், மொதல்ல ஆளுங்கள வெளிய அனுப்புங்க," என்று முதலாளியிடம் அவர் மன்றாடுவது கேட்டது.

தூணுக்கு நேர் மேலே தையல் கூடம். அங்கே எண்பது பெண்கள். அதில் ஒருத்தி அவன் தங்கச்சி. படிகளை எப்படி ஏறினான் என்று அவனுக்கே தெரியாது. எல்லா மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. தரையின் அதிர்வு வெறுங்காலில் ஏறியது. கத்திவிடலாம்தான். ஆனால் இருப்பது ஒரே படிக்கட்டு. எண்பது பேரும் முண்டியடித்தால் இவள் எங்கே மாட்டுவாளோ? முதலில் இவள் இறங்கட்டும்.

"அம்மா கீழ விழுந்துட்டாங்க. ஓடு வீட்டுக்கு!"

"ஐயோ, எப்பண்ணே?" பாதி தைத்த சட்டையை அப்படியே போட்டுவிட்டு அவள் ஓடினாள். செருப்புச் சத்தம் கடைசிப் படியைத் தாண்டும்வரை காது கொடுத்துக் கேட்டான். பிறகு கூடத்தின் பக்கம் திரும்பினான். வாயைத் திறந்தான். பயத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"நீங்களும் போங்க தம்பி, அம்மாவப் பாருங்க," என்றாள் பக்கத்து மெஷின் அக்கா. "அவ வேலைய நான் முடிச்சு வெக்கிறேன். இல்லன்னா பாவம், திட்டு வாங்குவா."

அவள் எழுந்து வந்து தங்கச்சியின் ஸ்டூலில் உட்கார்ந்து, சட்டையை ஊசிக்கு அடியில் நேராக்கி, பெடலை மிதித்தாள்.