பதினாறாம் தேதி, மூணே முக்கால்

செத்துப்போன புருஷன் சிங்கராயருக்குப் போடுவதற்கு வெள்ளைச் சட்டை தேடித் தகரப் பெட்டியைக் கிளறிய இன்பமேரியின் கையில் ஒரு பழுப்பு உறை தட்டுப்பட்டது. உள்ளே எக்ஸ்ரே படம். யாருடைய நெஞ்செலும்போ. மூலையில் வெள்ளை எழுத்தில் ‘கமலா, 26’. உறையின் மேல் புருஷனின் கையெழுத்து: ‘பிப்ரவரி 16, மூணே முக்கால்.’

பதினாறு என்றால் இன்றைக்கு.

கூடத்தில் கிடத்தியிருந்தவரை அங்கிருந்தே முறைத்தாள். ஏரிக்கரையில் சுற்றுலாக்காரர்களைப் படம் பிடித்துப் பிழைக்கிற மனுஷன், இரண்டு மாதமாகப் பிற்பகலானால் கேமராப் பையோடு கொட்டச்சேட்டு மேட்டுக்கு சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தார். கேட்டால், காற்று வாங்கவாம். ஏற்காட்டில் இல்லாத காற்றா? நேற்றும் போனார். மாரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே சாய்ந்துவிட்டார். அங்கே எடுத்த படங்களையும் அவள் பார்த்திருக்கிறாள். எல்லாம் கன்னங்கரேல் என்று இருட்டு, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. பிலிம் பாழாகிவிட்டது என்றார். தொழில் தெரிந்த ஆளுக்கு அத்தனையுமா பாழாகும்?

“மேரியக்கா, இன்னிக்கு சூரிய கிரகணமுங்க. அது உட்டப்பறம் அண்ணனை எடுக்கலாமுங்க,” என்ற பக்கத்து வீட்டுக் கண்ணாயி, சொன்ன வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த வீட்டில் எடுக்கக் கூடாத பேச்சு அது. தலைச்சன் பிள்ளை செத்துப் பிறந்தபோது, கிரகணத்தன்று வாசலில் நின்றாயே என்று அம்மா சொன்ன சொல் இருபது வருடமாகியும் இன்பமேரியின் நெஞ்சை விட்டுப் போகவில்லை.

“எது புடிச்சா எனக்கென்ன? மூணு மணிக்கே எடுங்க.”

மூணே முக்காலுக்கு இவருக்காகக் காத்திருப்பவள், விஷயம் கேள்விப்பட்டால் கல்லறைக்குத்தானே வருவாள்? வரட்டும். மூஞ்சியைப் பார்த்துவிட வேண்டும்.

காலையிலிருந்தே துக்கத்துக்கு வந்த தெரியாத பெண்களை எல்லாம் வயசுக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தமாக அழுத ஒருத்தியைக் கிட்டே போய்ப் பார்த்தால், அவளுக்கு அறுபது இருக்கும்.

கிரகணத்துக்குப் பயந்து கடைத்தெருவில் ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை. சவப்பெட்டிக்குப் பின்னால் பத்துப் பேர்கூட இல்லை. முந்தானைக்குள் உறையை ஒளித்துக்கொண்டு நடந்தாள். கல்லறைத் தோட்டத்துக் கேட்டையே பார்த்து நின்றாள். பெட்டி குழிக்குள் இறங்கியபோதும் புதிதாக யாரும் வரவில்லை. வெயில் மட்டும் சாயம் போன துணி மாதிரி மங்கிக்கொண்டு வந்தது. காக்கைகள் மரத்துக்குத் திரும்பின.

பக்கத்தில் நின்ற அங்கப்பன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். உறையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“யாருங்க இந்தக் கமலா?”

“தெரியலீங்கக்கா. யாரோ வாங்காம உட்டுட்டுப் போன படமுங்க. கழிச்ச படம் கருப்பா ஒண்ணு வேணும்னு அண்ணந்தான் கேட்டாரு. லென்சுக்கு முன்னால வெச்சுக் கிரகணத்தைப் புடிக்கோணும்னு.”

“பொய் சொல்லாதீங்க.”

“கர்த்தர் மேல சத்தியமுங்க. தெனமும் இதே நேரத்துக்கு மேட்டுக்குப் போயி சூரியனை எடுத்துப் பழகுனாரு. அக்காகிட்ட மட்டும் சொல்லாதே, கொழந்தை நெனப்பு வந்துரும்னாரு.” அங்கப்பன் கடிகாரத்தைப் பார்த்தான். “மூணே முக்காலுங்க. இப்பத்தான் நொம்ப மறைஞ்சிருக்குது.”

ஆம்பிளைக்கு ஆம்பிளை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அவள் படத்தை உருவினாள். ஓரத்தில் லென்ஸ் அளவுக்கு வட்டமாக வெட்டி எடுத்திருந்ததை அப்போதுதான் கவனித்தாள். படத்தை இரண்டாக மடித்து மேலே பிடித்தாள்.

“ஐயோ, கண்ணு போயிருமுங்கக்கா!” முக்காட்டுக்குள்ளிருந்து கண்ணாயி கத்தினாள்.

முன்பின் தெரியாத கமலாவின் விலா எலும்புகளுக்கு நடுவே சூரியன் தெரிந்தது. பாழாய்ப் போன படங்களில் இருந்த அதே புள்ளி. இப்போது வெட்டிப் போட்ட நகம் மாதிரி மெலிந்திருந்தது.

பங்குச் சாமியார் மண் போடக் கூப்பிட்டார். குழியைப் பார்க்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பிடி அள்ளிப் போட்டாள்.

குழி மூடியதும் எல்லோரும் வேக வேகமாகக் கிளம்பினார்கள். கண்ணாயி கையைப் பிடித்தாள்.

“ஊட்டுக்குப் போலாம் வாங்கக்கா.”

“கிரகணம் எப்ப உடுமாம்?”

“அஞ்சுக்குள்ள உட்டுருமுங்க,” என்றான் அங்கப்பன்.

“நீங்க போங்க. சூரியன் முழுசாகட்டும்.”

புது மண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையால் படத்தைத் துடைத்து, மறுபடியும் மேலே பிடித்தாள்.