மாப்பிள்ளைகள் போட்ட சிஸ்டம்

டைப்பிஸ்டம்மா பதினான்கு வருஷமாக எந்த மாப்பிள்ளையிடமும் "வேண்டாம்" என்று சொன்னதில்லை. பெரிய மாப்பிள்ளை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். சின்னவரும் வந்த பிறகு அந்த மரியாதை இரட்டிப்பானதே தவிர குறையவில்லை. அதனால்தான் அவளுடைய கம்ப்யூட்டருக்கு மூன்று வாரத்தில் ஐந்து தடவை உயிர் போய் உயிர் வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் சொல்லச் சொல்ல இருபத்தாறு வருஷம் டைப் அடித்தவள் அவள். டைப் அடிக்கும் பிரிவை மூடியதும் வீட்டுக்கு வந்துவிட்டாள். தெருவில் பெயர் மட்டும் டைப்பிஸ்டம்மா என்றே நின்றுவிட்டது. இப்போது வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்று அதே வேலையை வீட்டிலிருந்தே செய்ய ஆள் தேடியது. மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இணையத்தில் தேர்வு, நிமிஷத்துக்கு நாற்பது வார்த்தை. வயது ஐம்பத்தெட்டைத் தாண்டக் கூடாது. அவளுக்கு அடுத்த மாதம் தாண்டுகிறது. அந்த வேலை அவளுக்கு வேண்டும். சும்மா இருந்து இருந்து, விரல்கள் போர்வை ஓரத்தில் டைப் அடிக்கத் தொடங்கியிருந்தன.

வீட்டுக் கம்ப்யூட்டரோ கிழடு. அதிலிருந்த பழைய சிஸ்டத்தில் தேர்வுப் பக்கம் திறக்கவே இல்லை.

"லினக்ஸ்னு வேற சிஸ்டம் போட்டுடலாம் அத்தை. இலவசம். யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம், மாத்திக்கலாம்," என்றார் பெரிய மாப்பிள்ளை. லிஃப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பது அவர் வேலை. ஆடாமல் அசையாமல் இருப்பது எதுவானாலும் அவருக்குப் பிடிக்கும். இருக்கிற பல வகை லினக்ஸ்களில், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மட்டுமே மாறுகிற ஒன்றைப் பென்டிரைவில் கொண்டுவந்து போட்டார். திரையில் ஒரு மலை வந்தது.

"நல்லா இருக்கு மாப்பிள்ளை," என்றாள். எந்த விசையில் எந்த எழுத்து என்ற, தன் கைக்குப் பழகிய டைப்ரைட்டர் விசை வரிசையை அதில் தேடிப் பிடிக்க அவளுக்கு ஒரு முழு நாள் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை சின்ன மாப்பிள்ளை வந்தார். செல்போன் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. நேற்று வந்தது இன்று அவருக்குப் பழசு. மலையைப் பார்த்ததும், சோற்றில் முடியைப் பார்த்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"சகலை வேலையா இது? என்னோடதுல தினமும் புதுசு புதுசா வரும் அத்தை." மலையை அழித்துவிட்டு, தன் பென்டிரைவிலிருந்து வேறு லினக்ஸைப் போட்டார். திரையில் ஒரு பறவை வந்தது.

"நல்லா இருக்கு மாப்பிள்ளை."

அடுத்த வாரம் மறுபடியும் மலை. அதற்கு மூன்று நாள் கழித்து மறுபடியும் பறவை. ஒவ்வொரு தடவையும் தேநீரைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கடைசிவரை பார்த்து, நல்லா இருக்கு என்றாள். ஒவ்வொரு தடவையும் விசை வரிசை காணாமல் போனது.

"வேண்டாம்னு சொல்லிட வேண்டியதுதானே?" என்றார் கணவர், பேப்பருக்குப் பின்னாலிருந்து.

"நீங்க சொல்லுங்களேன்."

அவர் விளையாட்டுப் பக்கத்துக்குப் போய்விட்டார்.

வியாழக்கிழமை மாலை மகள்கள் இருவரும் சேர்ந்து சமாதானம் செய்து வைத்தார்கள். மலையும் இருக்கட்டும், பறவையும் இருக்கட்டும். கம்ப்யூட்டரைப் போட்டதும் எது வேண்டும் என்று அதுவே பட்டியல் போட்டுக் கேட்கும். சகலைகள் இருவரும் அருகருகே உட்கார்ந்து அழகாகத்தான் போட்டார்கள். அந்தப் பட்டியலில் யாருடையது மேலே என்பதில்தான் வந்தது வினை. பத்து விநாடி சும்மா இருந்தால் மேலே இருப்பது தானாகத் திறந்துகொள்ளுமாம்.

"மூத்தவன் நான் இருக்கேன்ல?"

"கம்ப்யூட்டருக்கு மூத்தவன் இளையவன் எல்லாம் தெரியாது சகலை."

சாப்பிட்டுவிட்டுப் பெரியவர் கை கழுவப் போனபோது, சின்னவர் பறவையை மேலே ஏற்றினார். சின்னவர் வாசலில் செருப்பைத் தேடியபோது, பெரியவர் மலையை மேலே ஏற்றினார். அவசரத்தில் எதையோ அரைகுறையாக விட்டுவிட்டும் போனார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மலையும் இல்லை, பறவையும் இல்லை. கறுப்புத் திரை, மூலையில் ஒரு வெள்ளைக் கோடு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

பெரியவருக்குப் போன் போட்டாள். "அது அவர் வேலையாத்தான் இருக்கும். எதையும் தொடாதீங்க அத்தை, சாயங்காலம் வந்து பார்க்கறேன்."

சின்னவருக்குப் போட்டாள். "அவர் கை வெச்சா இப்படித்தான். நீங்க தொடாதீங்க அத்தை, சாயங்காலம் வரேன்."

"பத்து மணிக்குத் தேர்வு மாப்பிள்ளை."

"அய்யய்யோ, இன்னைக்கா?"

போனை வைத்தாள். கோபம் வந்தது, மாப்பிள்ளைகள் மேல் கோபம் என்பது அவளுக்கே புதிதாக இருந்தது. இழுப்பறையில் இரண்டு பென்டிரைவ்களும் கிடந்தன. ஐந்து தடவை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவளுக்கு, எந்த விசையை எப்போது அழுத்துவது என்பதிலிருந்து, எந்த இடத்தில் பெரியவர் தலையைச் சொறிவார் என்பது வரை எல்லாம் அத்துபடி. எது நிலையானது, எது புதியது என்றெல்லாம் அவள் யோசிக்கவில்லை. பறவை, போடும்போதே விசை வரிசை எது என்று கேட்கும். சின்னவர்தான் பதில் சொல்லாமல் தாண்டிப் போவார். மலை கேட்கவே கேட்காது. பறவையைச் செருகினாள்.

டிஸ்கில் இருப்பதை எல்லாம் அழித்துவிடவா என்று கேட்டது. மூன்று வாரமாக இரண்டு மாப்பிள்ளைகளும் பாடுபட்டதெல்லாம் அதில் இருந்தது. அழி என்றாள்.

ஒன்பது ஐம்பத்திரண்டுக்குத் தேர்வுப் பக்கம் திறந்தது. பத்து மணிக்கு அவள் காதுக்குள் ஒரு டாக்டர், எதையோ மென்றுகொண்டே, யாருடைய சிறுநீரகத்தைப் பற்றியோ பேசத் தொடங்கினார். விரல்கள் அவளைக் கேட்காமலே ஓடின. நிமிஷத்துக்கு நாற்பத்தேழு வார்த்தை. திங்கட்கிழமை முதல் வேலை. கணவரிடம் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அவர் பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். அந்த வீட்டில் அது பெரிய விஷயம்.

சாயங்காலம் மாப்பிள்ளைகள் இருவரும் ஒரே நேரத்தில் படியேறி வந்தார்கள். பறவைப் படத்தையும் அவள் எடுத்துவிட்டிருந்தாள், திரையில் வெறும் சாம்பல் நிறம்.

"எது போட்டிருக்கீங்க அத்தை?" என்றார் பெரியவர். "அவரோடதா, என்னோடதா?"

"பாஸ் பண்ணிட்டேன் மாப்பிள்ளை."

"அது சரி அத்தை. எது?"

"என்னோடதுதான், எழுத்தைப் பார்த்தாலே தெரியுதே," என்றார் சின்னவர். "ஆனா பழைய பதிப்பு. ஒரே நிமிஷம்." நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மவுஸ் பக்கம் கையை நீட்டினார்.

அவள் தேநீர்த் தட்டை மேசையில் வைத்தாள்.

"தொடாதீங்க மாப்பிள்ளை," என்றாள்.